ஃபால்ஸ் துணியும் வேதியியலும்

மேட்சிங் சென்டரில் வேலை பார்ப்பவர்களுக்குப் பச்சை என்று ஒரு நிறம் கிடையாது. கிளிப் பச்சை, பாசிப் பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, மெஹந்திப் பச்சை என்று ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. வருகிறவர் "பச்சை குடு" என்று மட்டும்தான் சொல்வார்.

பூந்தமல்லியில் கமால் பாய் வைத்திருக்கும் கடையில் நான் சேர்ந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, லைனிங், சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற ஃபால்ஸ், நூல், கொக்கி. இவ்வளவுதான் சரக்கு. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை, ஞாயிற்றுக்கிழமை முழுநாள். வேதியியல் டியூஷனுக்குப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் டியூஷன் நேரமும் கடை நேரமும் ஒன்று என்று தெரிந்தது. டியூஷன் சாரிடம் கெஞ்சி, காலை ஆறு மணி வகுப்புக்கு மாறினேன். அந்த வகுப்பில் தூங்கினேன். பள்ளிக்கூடப் பையோடு நேரே வேலைக்குப் போனவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். வேலைக்குப் போகச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். வேதியியலில் ஃபெயில் ஆனால் மறுநாளிலிருந்து கடை கிடையாது. முதல் மாதத்திலேயே எனக்குக் கடை பிடித்துப்போய்விட்டது. வேதியியல் பிடிக்கவில்லை.

கடை விளக்கு

எங்கள் தொழிலில் முதல் விதி, ட்யூப் லைட்டை நம்பக் கூடாது. சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய், வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். இருட்டிய பிறகு வருகிறவர்களிடம் விரல் அளவுக்குத் துணியை வெட்டிக் கொடுத்து, "காலையில் சேலையோடு வைத்துப் பார்த்துவிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டத்தின் நடுவே யாருடைய சேலைத் தலைப்பையோ பிடித்துக்கொண்டு நிற்பது முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வழியாகத்தான் என் வகுப்புப் பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். ஒருநாள் மயில்கழுத்துச் சேலை ஒன்றுக்குக் கடைக்குள்ளேயே நின்று ஃபால்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்தம்மா சேலையோடு வந்தார். தைத்தே முடித்திருந்தார். நடைபாதையில் விரித்துக் காட்டினார். சேலை மயில்கழுத்தாகவே இருந்தது, ஃபால்ஸ் பாசிப் பச்சையாகிவிட்டது. பாய் வேறு துணி கொடுக்கச் சொன்னார். தையலைப் பிரித்துத் தரச் சொல்லி, அதையும் என் பொறுப்பில் விட்டார். நான் பிரித்து முடிக்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தம்மா எழுந்து போகும்போது சொன்னார்: "கடைல இருக்கசொல்லோ ஒண்ணா இருந்திச்சி, ஊட்டாண்ட போனா வேறயாகீது. அந்த ட்யூப் லைட்டயும் கழட்டிக் குடு பாப்பா, தலைக்கு மேல புடிச்சிகினு கல்யாணத்துக்குப் போறேன்."

ஜிங்க்

நூல் கம்பெனிக்காரர்கள் ஒரு அட்டை தருவார்கள். அதில் வரிசையாக நூல் துண்டுகள் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டிருக்கும். அந்த அட்டையை இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை, பரீட்சையும் இல்லை, அதனால் ஏறிவிட்டது. ஆனால் ஸ்கேண்டியத்திலிருந்து ஜிங்க் வரைக்கும் பத்துத் தனிமங்களின் வரிசை மட்டும் ஏறவே இல்லை. லைனிங் துணி வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் பெயரும் அணு எண்ணுமாகப் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரியின் பக்கவாட்டில் குத்தி வைத்தேன். துணி எடுக்கத் திரும்பும்போதெல்லாம் கண்ணில் படும். பாய் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து அட்டை கீழே விழுந்து கிடந்தபோது அவரே எடுத்து மறுபடி குத்தினார்.

என்னோடு வேலை பார்த்தவர் தனம் அக்கா. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாய்க்கும் கைக்கும் ஓய்வே கிடையாது. ஒருநாள் அவர் ஒரு வாடிக்கையாளருக்கு லைனிங் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் துணியைப் பார்க்காமல் என் அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: "காப்பர் இருவத்தொம்போது, ஜிங்க் முப்பதுன்னு போட்டுகிறீங்க. ஒரு ரூபாதான வித்தியாசம், ஜிங்க்லயே ரெண்டு மீட்டர் கிழிச்சிடு."

சீருடை

மாற்றுத் துணி எடுத்துப் போக மறந்த நாட்களில் பள்ளிச் சீருடையோடே கவுன்டரில் நிற்பேன். சுடிதார், மேலே ஓவர்கோட். ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பலும் நீலமும் கலந்த சேலையோடு ஒருவர் வந்தார். பதினான்கு துணி எடுத்துப் போட்டேன். நடைபாதைக்கு நான்கு தடவை போய் வந்தோம். ஒன்றும் சேரவில்லை. ஐந்தாவது தடவை வெளியே நின்றபோது அவர் சட்டென்று சேலையை என் தோளில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் கோபித்துக்கொண்டார்: "கரெக்டான துணிய நீயே மாட்டிகினு, என்னைக் கடை பூரா தேட வுட்டுட்டியே?"

மூன்று கேள்வி

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வேதியியல் டீச்சர் கடைக்கு வந்தார். நான் வேலைக்குப் போவது அவருக்குத் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்காருகிற பெண், காலாண்டில் தட்டுத் தடுமாறிப் பாஸானவள் என்ற அளவில் என்னைத் தெரியும். நான் குனிந்து ஊக்கு டப்பாவில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். "கவி, கீழ இன்னா புதையலா கீது? இந்த மேடத்தப் பாரு" என்று தனம் அக்கா என்னை எழுப்பிவிட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து மூன்று சேலைகளை எடுத்து வைத்தார். "இந்தப் பிங்க் சேலைக்கு" என்று ஆரம்பித்தார். "அது வாடாமல்லி மிஸ்" என்றேன். "சரி. இந்தச் சிவப்புக்கு?" "அரக்கு மிஸ்." மூன்றாவதை எடுத்து, "இதையாவது வெள்ளைன்னு ஒத்துக்கோ" என்றார். வெளியே கொண்டுபோய்க் காட்டினேன். சந்தனம். மூன்றுக்கும் துணி வெட்டி மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்: "மூணு கேள்விக்கும் மூணு பதிலும் கரெக்ட். கிளாஸ்ல என்னைக்காவது ஒண்ணு சொல்லியிருக்கியா நீ?"

பதிமூன்று

அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் எழுபதுக்குப் பதிமூன்று. பதினைந்து எடுத்திருந்தால் பாஸ். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு மதிப்பெண் அட்டையைத் திருப்பித் தந்தார். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடைக்குப் போனதும் பின்னாலேயே அவரும் கிளம்பி வந்தார். பாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்னைக் கையோடு கூட்டிப் போவதுதான் திட்டம். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பதினோரு சேலையோடு வந்திருந்தார்கள். அப்பா வாசலில் நின்று பாயின் கண்ணில் பட முயன்றுகொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி துணி கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் வாசலிலேயே இருந்ததால் ஒரு துண்டு கோணலாகப் போனது.

தனம் அக்காவுக்கு அவர் யாரென்று தெரியாது. வாசலில் சும்மா நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். "அண்ணே, இத்த கொஞ்சம் புடிங்க" என்று ஒரு சேலையின் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்ததைக் கீழே போடுகிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சேலை முடிந்து இரண்டாவது வந்தது. மூன்றாவதில் அவரே இரண்டடி நகர்ந்து, மரத்து நிழல் விழாத இடமாகப் பார்த்து நின்றார். ஐந்தாவதில், நான் துணியை வைத்ததும், "இது ஒத்துவரல. அதவிடக் கொஞ்சம் கருப்பு கம்மியா எடு" என்றார். சரியாக இருந்தது. எதற்காக வந்தார் என்பதை அவர் மறக்கவில்லை, சொல்லத்தான் இடம் கிடைக்கவில்லை. பதினோராவது சேலையை மடித்துக் கொடுத்தபோது கல்யாணப் பெண்ணின் அம்மா அவரிடம் கேட்டார்: "கை ஆடாம புடிக்கிறியே அண்ணாத்தே, பாய் உனக்கு இன்னா சம்பளம் குடுக்குறாரு?"

தாழ்வாரம்

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பா தீர்ப்பை மாற்றிச் சொன்னார். இனிமேல் சனி, ஞாயிறு மட்டும் கடை. பொதுத் தேர்வில் வேதியியல் போனால் அதுவும் இல்லை. மறுபடி எழுதிப் பாஸாகும் வரை வீட்டை விட்டு நகரக் கூடாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுத்துத் தேர்வில் நான் தப்பிப்பதே பெரிய விஷயம். செய்முறைத் தேர்வில் கிடைக்கிறதை முழுசாக வாங்கினால்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு மார்க் வரும்.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது தரம்பார்த்தல். மேலே பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல், கீழே கூம்புக் குடுவையில் நிறமில்லாத வேறொரு கரைசல். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஊதா மறைந்துகொண்டே இருக்கும். எந்தச் சொட்டில் மறையாமல் மெல்லிய இளஞ்சிவப்பு நிற்கிறதோ, அங்கே நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். ஆய்வகத்தில் இரண்டு விளக்குகள், அதில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. குடுவையில் நிறம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். யோசித்துச் செய்ததல்ல. ஏழு மாதமாகக் கால் அப்படிப் பழகியிருந்தது. தாழ்வாரத்து வெயிலில் குடுவையைத் தூக்கிப் பிடித்தபோதுதான், வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரின் குரல் கேட்டது. "ஏம்மா, எங்க போற?" தேர்வு நடக்கும்போது குடுவையோடு ஒருத்தி வெளியே போனால் யாரிடமோ விடை கேட்கப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். என் பதிவெண்ணைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் டீச்சர் கதவருகே வந்து நின்றார். "ட்யூப் லைட்ல தெரியாது சார். நான் மேட்சிங் சென்டர்ல வேலை பாக்கறேன். நாங்க வெளிய கொண்டாந்துதான் பாப்போம்" என்றேன். அந்த நேரத்தில் அதைவிட நல்ல காரணம் எதுவும் தோன்றவில்லை.

தேர்வாளர் குடுவையை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "இதுல எங்கம்மா பிங்க் இருக்கு?" "இருக்கு சார். சின்ன வெங்காயத் தோலோட உள்பக்கம் மாதிரி." அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வெயிலில் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கு சார்" என்றார். தேர்வாளர் என்னை உள்ளே அழைத்துப் போய், ஜன்னலோர மேசைக்கு மாற்றி, இன்னும் இரண்டு முறை செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். மூன்று அளவும் ஒன்றாக வந்தன. அவருடைய தாளில் விடையாக இருந்ததும் அதுதான். சீட்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாத குரலில் சொன்னார்: "எனக்கு இப்பவும் அது வெள்ளையாத்தான் தெரியுது. எங்க வீட்லயும் இதேதான் சொல்றாங்க, உங்களுக்குக் கலரே தெரியலன்னு."

மீட்டர் கணக்கு

எழுத்துத் தேர்வும் நோன்பும் ஒன்றாக வந்தன. ரம்ஜானுக்கு முந்தின வாரங்களில் பூந்தமல்லியில் துணிக்கடைக்காரர்கள் மூச்சுவிடுவது நோன்பு திறக்கிற பத்து நிமிடம்தான். அப்பா அனுமதித்திருந்த சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் படிக்கிற நேரம். பாய் வீட்டிலிருந்து தூக்கில் கஞ்சி வரும். பாய் எனக்கும் தனம் அக்காவுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "புள்ளையக் கேள்வி கேளு தனம், சும்மா இருக்காத" என்பார். தனம் அக்கா எட்டாவதோடு நின்றவர். ஒரு கையில் கஞ்சி, மறு கையில் என் வேதியியல் கைடு. கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு வருவார்.

பதில் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் அவரை ஏமாற்ற முடிந்ததில்லை. உலோகங்களைப் பிரித்தெடுக்கிற பாடத்தில் ஒரு பெரிய கேள்விக்கு, நடுவில் மறந்துபோனதைத் தாண்டிவிட்டு, முடிவுரையை மட்டும் அழுத்தமாகச் சொல்லி முடித்தேன். அவர் விரல் பக்கத்தின் பாதியிலேயே நின்றது. கஞ்சியைக் கீழே வைத்தார்: "இங்க ஒரு பக்கம் பூரா துணி கீது, நீ அர பக்கம்தான் அளந்து குடுத்த. மீதிய எங்க சுருட்டிகின?"

பத்தரை

தேர்வு முடிவு வந்த காலையில் கடையை அப்போதுதான் திறந்திருந்தோம். லீவு என்பதால் நான் முழுநாள் வேலையில் இருந்தேன். முதல் வாடிக்கையாளராக ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒருவர், வளைகாப்புச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வந்திருந்தார். என் கையில் கத்தரி, தனம் அக்கா கையில் என் போன். பிறந்த தேதியையும் பதிவெண்ணையும் நான் சொல்ல, அவர் ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் கல்லாவில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தனம் அக்கா, "கெமிஸ்ட்ரி அறுவத்திரெண்டு" என்றார். பிறகு பதறிப்போய், "அது பாஸா ஃபெயிலா சொல்லித் தொல, நான் சிரிக்கறதா அழுவுறதா?" என்றார். பாஸ். எல்லாப் பாடத்திலும் பாஸ். இருப்பதிலேயே குறைச்சல் வேதியியல்தான். செய்முறையில் முழு மதிப்பெண்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. "கெமிஸ்ட்ரி?" என்றார். சொன்னேன். சத்தம் நின்றது, மெஷினை நிறுத்தியிருப்பார். "பாய்கிட்டக் குடு" என்றார். பாய் வாங்கிக் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். பிறகு போனைத் திருப்பித் தந்து, "காலேஜ் காலை ஷிஃப்ட்டா பாத்துச் சேத்து வுடறாராம். மத்தியானத்துக்கு மேல நீ இங்க வந்துருவியாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரியைக் கவுன்டரில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தனம் அக்கா என் தலையைப் பிடித்து ஆட்டினார். பாய் டீ சொல்லப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஐயப்பன்தாங்கல் அம்மா, அழுகை அடங்கட்டும் என்று நியாயமான நேரம் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "பாஸாயிட்ட இல்ல? சந்தோஷம்மா. இப்ப கத்திரிய எடு, பத்தரை மணிக்குத் தைக்கிறவ ஊட்டப் பூட்டிகினு பூடுவா."

அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கடையையும், கடையில் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தையும் நினைத்துக்கொண்டிருந்த என்னை இரண்டு இடத்திலிருந்தும் வெளியே அனுப்பாமல் விட்டதற்கு, என் திறமையைத் தவிர மற்ற எல்லாமே காரணம் என்றுதான் தோன்றுகிறது.